கேமராவை எடுப்பதற்கு முன்: மெஷின் ஓட்டக் கற்றுத்தரும் வீடியோவைத் திட்டமிடுவோருக்கு

திருப்பூர் சாயப்பட்டறையில் பாய்லர் பார்க்க வருகிறவருக்கும், கோவையில் சிஎன்சி லேத் ஓட்ட வருகிறவருக்கும் இன்று பல கம்பெனிகள் முதல் நாளே ஒரு வீடியோவைப் போட்டுக் காட்டுகின்றன. நல்ல வழக்கம். ஆனால் அவற்றில் பெரும்பாலானவை மெஷினை அறிமுகப்படுத்துவதோடு நின்றுவிடுகின்றன. கம்பெனி முகப்பு, பின்னணி இசை, மெஷினைச் சுற்றிவரும் கேமரா, “இது கன்ட்ரோல் பேனல், இது கூலன்ட் டேங்க்” என்று ஒரு கம்பீரக் குரல். பார்த்து முடித்தவருக்கு உறுப்புகளின் பெயர் தெரிந்திருக்கும். ராத்திரி ஷிஃப்டில் அலாரம் அடித்தால் கையை எங்கே வைப்பது என்பது தெரிந்திருக்காது.

எந்த மெஷினிலும் ஆபரேட்டர் தானே முடிவெடுக்க வேண்டிய நொடிகள் சில உண்டு. தொடரலாமா, நிறுத்த வேண்டுமா, ஃபோர்மேனைக் கூப்பிட வேண்டுமா? அந்த நொடிகள் எவை என்று கண்டுபிடித்து, அவற்றைச் சுற்றி வீடியோவை அமைப்பதுதான் திட்டமிடல். மற்றதெல்லாம் படப்பிடிப்பு. கீழே சொல்வதற்குப் பாய்லரையும் சிஎன்சி லேத்தையும் உதாரணமாக எடுத்துக்கொண்டேன். பவர் பிரஸ், இன்ஜெக்‌ஷன் மோல்டிங், ஸ்டென்டர் என்று எதற்கும் மாற்றிக்கொள்ளலாம்.

திட்டமிடும்போது செய்ய வேண்டியவை

ஒரு வீடியோவுக்கு ஒரே வேலை என்று பிரித்துக்கொள்ளுங்கள். “சிஎன்சி லேத் இயக்குவது எப்படி” என்பது வீடியோ தலைப்பே அல்ல, அது ஒரு வருடப் படிப்பு. “இன்செர்ட் மாற்றுவது”, “வேர் ஆஃப்செட் திருத்துவது”, “கரண்ட் போய் வந்த பிறகு மெஷினை ரெஃபரன்ஸுக்குக் கொண்டுவருவது” – இவை தலைப்புகள். எட்எக்ஸ் இணையப் படிப்புகளில் 69 லட்சம் முறை வீடியோ பார்க்கப்பட்ட பதிவுகளை ஆராய்ந்து 2014-ல் வெளியான ஆய்வு, ஆறு நிமிடத்தைத் தாண்டினால் பார்ப்பவர் கவனம் சரிகிறது என்று காட்டியது. அது வகுப்பறைப் பாடங்களைப் பற்றியது. மெஷின் பக்கத்தில் நின்றுகொண்டு பார்ப்பவருக்கு மூன்று நான்கு நிமிடமே தாராளம். ஆனாலும் நிமிடத்தைப் பார்த்து வெட்டாதீர்கள், வேலை எங்கே முடிகிறதோ அங்கே வெட்டுங்கள்.

ஸ்கிரிப்ட் எழுத உட்காரும் முன் தவறுகளின் பட்டியலை எழுதுங்கள். ரிஜெக்‌ஷன் ரிப்போர்ட், பிரேக்டவுன் புத்தகம், விபத்துப் பதிவேடு – இந்த மூன்றையும் எடுத்து வைத்துக்கொண்டு செட்டரிடம் போய், “புதுசா வர்றவங்க எந்த இடத்துல தப்புப் பண்றாங்க?” என்று கேளுங்கள். அவர் சொல்வதுதான் உங்கள் வீடியோவின் மையம்.

ஒரு உதாரணத்தைக் கிட்டே போய்ப் பார்ப்போம். ஃபேனக் கன்ட்ரோல் உள்ள லேத்தில் ஜாப்பின் வெளிவிட்டம் 0.05 மி.மீ. கூடுதலாக வருகிறது. டூல் தேய்மானத்தை ஈடுகட்டும் வேர் ஆஃப்செட்டில் எக்ஸ் பத்தியில் ஏற்கெனவே -0.120 இருக்கிறது. ஆபரேட்டர் -0.05 அடிக்கிறார். திரையின் கீழே அருகருகே இரண்டு கீ: ‘இன்புட்’, ‘+இன்புட்’. ‘+இன்புட்’ அழுத்தினால் பழைய மதிப்போடு சேர்ந்து -0.170 ஆகும், அடுத்த ஜாப் அளவுக்கு வரும். ‘இன்புட்’ அழுத்தினால் பழைய மதிப்பு அழிந்து வெறும் -0.050 நிற்கும். குறைய வேண்டிய விட்டம் 0.07 ஏறி, ஜாப் 0.12 மி.மீ. கூடுதலாக வந்து நிற்கும். மிரண்டு போன புது ஆள் இன்னொரு முறை ஏதோ அழுத்துவார். புள்ளி விட்டுப்போவது இதைவிட மோசம். -0.05 என்று அடிக்க வேண்டிய இடத்தில் வெறும் -5 அடித்தால், பாராமீட்டர் எப்படி வைக்கப்பட்டிருக்கிறது என்பதைப் பொறுத்து ஒரு மெஷினில் அது 5 மைக்ரான், பக்கத்து மெஷினில் 5 மில்லிமீட்டர்.

வேர் ஆஃப்செட் வீடியோ என்றால் இந்த இரண்டு கீதான் வீடியோ. திரையில் பழைய எண், அழுத்தும் விரல், மாறிய எண் – மூன்றும் ஒரே ஃபிரேமில், அவசரமில்லாமல் வர வேண்டும். “என்டர் செய்வதற்கு முன் பழைய எண்ணைப் படியுங்கள், செய்த பின் புதிய எண்ணைப் படியுங்கள், மனசில் கூட்டிப் பாருங்கள்” என்பதுதான் கற்றுத்தர வேண்டிய பழக்கம். ஆஃப்செட் பக்கத்துக்குப் போகும் வழியைச் சொல்லப் பத்து விநாடி போதும்.

மூன்று பத்தி போட்ட தாள் ஒன்றை வைத்துக்கொள்ளுங்கள். இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் அமெரிக்கத் தொழிற்சாலைகளுக்கு லட்சக்கணக்கில் புது ஆட்கள் வந்தபோது, ‘ட்ரெயினிங் விதின் இண்டஸ்ட்ரி’ என்ற திட்டம் மேற்பார்வையாளர்களுக்குச் சொல்லிக்கொடுத்த முறையிலிருந்து வந்தது இது. அந்த முறை பிறகு ஜப்பானுக்குப் போய் அங்கே வேரூன்றியது. முதல் பத்தியில் படி, இரண்டாவதில் அந்தப் படியில் கவனிக்க வேண்டியது, மூன்றாவதில் ஏன். எண்பது வருடமாகியும் வீடியோ திட்டமிட இதைவிட நல்ல தாளை நான் பார்க்கவில்லை. நான்காவதாக ஒரு பத்தி மட்டும் சேர்த்துக்கொள்ளுங்கள்: கேமரா எதைப் பார்க்க வேண்டும்?

பாய்லரில் தண்ணீர் மட்டம் காட்டும் கேஜ் கிளாஸைச் சோதிப்பதை இந்தத் தாளில் எழுதிப் பார்த்தால் அதன் பலன் தெரியும். தண்ணீர் காக்கை (வால்வை) மூடி டிரெயினைத் திறப்பது ஒரு படி. ஆவி சத்தத்தோடு வருகிறதா என்பது கவனிக்க வேண்டியது. வந்தால் ஆவி வழியில் அடைப்பில்லை என்பது காரணம். கேமரா பார்க்க வேண்டியது டிரெயின் குழாயின் வாய். அடுத்து ஆவி காக்கை மூடித் தண்ணீர் காக்கைத் திறப்பது. தண்ணீர் வேகமாக வர வேண்டும், கேமரா அதே இடத்தில் நிற்க வேண்டும். கடைசியில் டிரெயினை மூடி இரண்டு காக்கையும் திறந்ததும் கண்ணாடியில் தண்ணீர் சட்டென்று ஏறி நிற்க வேண்டும். இங்கே கேமரா கண்ணாடிக்கு மாற வேண்டும், வெட்டாமல் நிற்க வேண்டும். மெதுவாக ஏறினால் வழியில் எங்கோ அடைப்பு இருக்கிறது என்பது அந்த வேகத்திலிருந்துதான் தெரியும். எடிட் செய்பவர் ‘போர் அடிக்கிறது’ என்று அந்த நான்கு விநாடியை வெட்டிவிட்டால், சோதனையின் பாதியையே வெட்டிவிட்டார். எந்த ஷாட்டை வெட்டக் கூடாது என்பதைத் தாளிலேயே எழுதி வையுங்கள்.

எழுதி வைத்த முறையும் தினசரி நடக்கும் முறையும் ஒன்றுதானா என்று பாருங்கள். பட்டியலிலேயே கடினமானது இது. டெக்சஸ் சிட்டியில் பிபி நிறுவனத்தின் எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலையில் 2005 மார்ச் 23 அன்று ஒரு கோபுரத்தை மறுபடி இயக்கத்துக்குக் கொண்டுவரும்போது அளவுக்கு மீறித் திரவம் நிரம்பி வழிந்து வெடித்தது. 15 பேர் இறந்தார்கள், 180 பேர் காயப்பட்டார்கள். விசாரித்த அமெரிக்க வேதியியல் பாதுகாப்பு வாரியம் கண்ட பல காரணங்களில் ஒன்று, எழுதி வைத்த முறைக்கும் நடைமுறைக்கும் இருந்த இடைவெளி. மட்டத்தைப் பாதியில் வைக்கச் சொன்னது எழுதிய முறை. இயக்கும்போது மட்டம் இறங்கி உலை கெட்டுவிடும் என்ற பயத்தில் ஆபரேட்டர்கள் வழக்கமாகவே அதற்கு மேல் நிரப்பி வந்தார்கள். அன்று மட்டம் காட்டும் கருவியும் பொய் சொன்னது. உள்ளே திரவம் ஏறிக்கொண்டிருக்க, அது இறங்குவதாகக் காட்டியது.

உங்கள் ஆலையிலும் இப்படி ஒரு ‘வழக்கம்’ இருக்கும். வீடியோவுக்காகக் கேமரா முன்னால் எல்லோரும் புத்தகத்தில் உள்ளபடி செய்து காட்டுவார்கள், கேமரா போனதும் பழையபடி செய்வார்கள். புதிதாக வந்தவர் வீடியோவில் ஒன்றையும் மெஷினில் வேறொன்றையும் பார்த்துவிட்டால், அதன்பின் எந்த வீடியோவையும் நம்ப மாட்டார். அதனால் படமெடுக்கும் முன் கேமரா இல்லாமல் இரண்டு ஷிஃப்ட் ஓரமாக நின்று பாருங்கள். வித்தியாசம் தெரிந்தால், ஏன் அப்படிச் செய்கிறார்கள் என்று மரியாதையாகக் கேளுங்கள். அவர்கள் பக்கம் நியாயம் இருந்தால் முறையை மாற்றி எழுத வைப்பது இன்ஜினியரின் வேலை. ஆபத்து இருந்தால் வழக்கத்தை நிறுத்த வேண்டும். இது தீரும் வரை படப்பிடிப்புத் தேதி குறிக்க வேண்டாம்.

கோளாறு நேரத்துக்குத் தனி வீடியோ திட்டமிடுங்கள். எல்லாம் சரியாக ஓடும்போது எடுத்த வீடியோ, எல்லாம் சரியாக ஓடும்போதுதான் உதவும். விறகு போடும் பாய்லரில் கரண்ட் போனால் விசிறிகள் நிற்கும், தண்ணீர் ஏற்றும் பம்பும் நிற்கும். ஆனால் அடுப்பில் உள்ள தணல் நிற்காது. அது ஆவி எழுப்பிக்கொண்டே இருக்கும், தண்ணீர் மட்டம் இறங்கிக்கொண்டே இருக்கும். அந்த முதல் ஒரு நிமிடத்தில் அட்டெண்டன்ட் முதலில் எதைப் பார்க்க வேண்டும், எதைத் தொட வேண்டும், யாருக்குக் குரல் கொடுக்க வேண்டும்? கேஜ் கிளாஸில் தண்ணீரே தெரியாத நிலை வந்துவிட்டால், பதறிப்போய்ப் பம்பைப் போடக் கூடாது. பழுத்த இரும்பில் குளிர்ந்த தண்ணீர் பட்டால் என்ன ஆகும் என்பது பழைய அட்டெண்டன்டுகளுக்குத் தெரியும், புதியவருக்குக் கை தானாகப் பம்ப் சுவிட்சுக்குத்தான் போகும். அந்தக் கையை நிறுத்துவதற்காகவே ஒரு வீடியோ எடுக்கலாம்.

பார்ப்பவர் எங்கே, எதில், என்ன மொழியில் பார்ப்பார் என்று முதலிலேயே எழுதிக்கொள்ளுங்கள். நம் பட்டறைகளிலும் மில்களிலும் ஒடியாவும் இந்தியும் வங்காளமும் பேசுகிறவர்கள் ஏராளம். படத்தின் மேலேயே தமிழ் எழுத்தைப் பதித்துவிட்டால் மறுபடி முதலிலிருந்து எடிட் செய்ய வேண்டும். படத்தை எழுத்தில்லாமல் வைத்து, குரலையும் வசனத்தையும் தனித் தடமாக வையுங்கள். ஒரே விஷயத்தைச் சொல்ல ஒவ்வொரு மொழிக்கும் ஒவ்வொரு நேரம் ஆகும் என்பதால் ஒவ்வொரு படியின் முடிவிலும் இரண்டு மூன்று விநாடி படம் சும்மா நிற்கட்டும். அந்த இடைவெளி, எண்ணெய்க் கையோடு நிற்பவர் போனைத் தொடாமலேயே படியைச் செய்து பார்க்கவும் உதவும்.

குரல் கொடுக்க அந்த மெஷினை ஓட்டுகிறவரையே கேளுங்கள். “பாருங்க, இது ஆவி காக்கு, இது தண்ணி காக்கு. இப்ப தண்ணி காக்கை மூடிக்கறோமுங்க. டிரெயினைத் திறக்கறோம். புஸ்ஸுன்னு ஆவி வருதுங்களா? வந்தா மேல அடைப்பில்லீன்னு அர்த்தமுங்க” என்று கொங்குப் பேச்சில் அவர் சொல்வது, எந்த ஸ்டூடியோ குரலையும் விட மனதில் நிற்கும். எழுதிக் கொடுத்துப் படிக்கச் சொல்ல வேண்டாம், தாளில் உள்ள மூன்று பத்தியைக் காட்டிவிட்டு அவர் பாணியில் பேச விடுங்கள். பொத்தானின் பெயரை மட்டும் பேனலில் எழுதியிருப்பது போலவே சொல்ல வேண்டும். பேனலில் ‘சிங்கிள் பிளாக்’ என்று இருக்கும்போது ‘ஒற்றை நிலை விசை’ என்று சொன்னால் யாரும் தேடிக் கண்டுபிடிக்க முடியாது.

திட்டமிடும்போது செய்யக்கூடாதவை

மேனுவலை அப்படியே ஸ்கிரிப்ட் ஆக்காதீர்கள். மேனுவல் மெஷினைத் தயாரித்தவரின் வரிசையில் எழுதப்பட்டது. வேலை செய்பவரின் வரிசை வேறு.

மெஷின் கம்பெனி தந்த வீடியோவோ யூடியூபில் கிடைப்பதோ போதும் என்று விட்டுவிடாதீர்கள். பாய்லரில் ப்ளோடவுன் செய்ய இரண்டு வால்வ் அடுத்தடுத்து இருந்தால் எதை முதலில் திறந்து எதை முதலில் மூடுவது என்பது, எந்த வால்வ் எந்த இடத்தில் பொருத்தப்பட்டிருக்கிறது என்பதைப் பொறுத்தது. வேறு ஆலையின் வரிசை உங்கள் ஆலைக்குத் தவறாகிவிடலாம். உங்கள் மெஷின், உங்கள் பேனல், உங்கள் வால்வ்.

பார்க்க நன்றாக இருக்கிறார் என்று அலுவலகத்திலிருந்து ஒருவரை ஆபரேட்டர் சட்டை போட்டு நிறுத்தாதீர்கள். சக்கில் ஜாப்பைப் பிடிக்கும் கை, இறுகியதா என்று தட்டிப் பார்க்கும் கை, அதெல்லாம் பல வருடத்தில் வருவது. பார்ப்பவர் கற்றுக்கொள்வது அந்தக் கையிடமிருந்துதான்.

அதே வீடியோவை வைத்து, ஒரு ஜாப்புக்கு எத்தனை விநாடி ஆகிறது என்று கணக்குப் பார்க்காதீர்கள். தொழிற்சாலைக்குள் படக் கேமராவை முதலில் கொண்டுபோனவர்களில் ஒருவரான ஃபிராங்க் கில்பிரெத், 1910-களில் அதைச் செய்தது அசைவுகளையும் நேரத்தையும் அளக்கத்தான். கேமரா வந்தாலே அளக்கத்தானோ என்ற சந்தேகம் தொழிலாளர்களுக்கு இன்றும் இருக்கிறது, அது நியாயமான சந்தேகம். இந்தப் படம் கற்றுத்தர மட்டும், இதைக் காட்டி யாருடைய இன்க்ரிமென்ட்டும் குறையாது என்று நிர்வாகத்திடம் எழுத்தில் வாங்கிக் காட்டிவிட்டு வேலையைத் தொடங்குங்கள். முகம் தெரிய விருப்பமில்லை என்பவரின் முகத்தை எடுக்க வேண்டாம். கை போதும்.

உற்பத்தி ஓடும்போது ஓரமாக நின்று எடுத்துக்கொள்ளலாம் என்று எண்ணாதீர்கள். டார்கெட் துரத்தும்போது யாரும் நிதானமாகச் செய்து காட்ட மாட்டார்கள். அரை நாள் மெஷினைத் தனியே கேளுங்கள். தரமாட்டேன் என்றால் வீடியோ வேண்டாம்.

படமெடுக்கும் நாளில் செய்ய வேண்டியவை

கேமராவை ஆபரேட்டரின் கண் இருக்கும் இடத்தில் வையுங்கள். எதிரே நின்று எடுத்தால் இடது வலதாகிவிடும், பார்ப்பவர் மனதுக்குள் திருப்பிப் போட்டுப் பார்க்க வேண்டும். மின்சுற்று இணைக்கக் கற்றுத்தரும் வீடியோவை இரண்டு கோணத்திலும் எடுத்துச் சோதித்து 2017-ல் வெளியான ஆய்வில், செய்பவரின் பார்வையிலிருந்து பார்த்தவர்களே மேலாகச் செய்தார்கள். தோளுக்கு மேலிருந்து எடுப்பது பெரும்பாலும் சரியாக வரும். தலையில் கட்டும் கேமரா வேண்டாம், அவர் திரும்பும்போதெல்லாம் படம் ஆடி, பார்ப்பவருக்குத் தலை சுற்றும்.

காத்திருக்க வேண்டிய இடத்தில் கடிகாரத்தை ஃபிரேமுக்குள் வையுங்கள். கில்பிரெத் தன் படங்களில் பெரிய கடிகாரம் ஒன்றை வைத்து எடுத்தார். அளப்பதற்காக அவர் செய்ததைக் கற்றுத்தருவதற்காக நாம் எடுத்துக்கொள்ளலாம். குளிர்ந்த பாய்லரை மெதுவாகச் சூடேற்றுவதை எடிட்டில் மூன்று ஷாட்டாகச் சுருக்கினால், பார்ப்பவர் அது மூன்று நிமிட வேலை என்று நினைப்பார். முள் நகர்ந்திருப்பது தெரிந்தால் அந்தத் தவறு வராது.

கேஜ் கிளாஸை எடுப்பதில் ஒரு சிக்கல் உண்டு. முழுக்கத் தண்ணீர் நிரம்பிய குழாயும் முழுக்கக் காலியான குழாயும் பார்க்க ஒன்று போலவே இருக்கும், கேமராவுக்கு இன்னும் மோசம். சாய்வுக் கோடு போட்ட தகட்டைப் பின்னால் வைத்தால் தண்ணீர் உள்ள பகுதியில் கோடுகள் எதிர்ப்பக்கம் சாய்ந்து தெரியும். சில பாய்லர்களில் இந்தத் தகடு பொருத்தியே இருக்கும். இல்லாவிட்டால் படத்துக்காக வையுங்கள், பிறகு அங்கேயே நிரந்தரமாக விட்டுவிடவும் கேளுங்கள். சோதனை முடிந்ததும் ஆவி காக்கை மூடியே மறந்துவிட்டால் கண்ணாடி உண்மை மட்டத்தைவிடக் கூடுதலாகக் காட்டும் என்பதால், கடைசி ஷாட் எப்போதும் திறந்த நிலையில் உள்ள இரண்டு காக்குகளின் கைப்பிடியாக இருக்கட்டும்.

சத்தத்தில் குரலைப் பதிய முயலாமல், குரலைப் பின்னர் தனி அறையில் பதியுங்கள். ஆனால் மெஷின் சத்தத்தைத் தூக்கி எறிய வேண்டாம். இன்செர்ட் தேய்ந்தால் வெட்டும் சத்தம் மாறும், பம்ப் காற்றை இழுத்தால் கரகரக்கும். அந்த இடங்களில் குரலை நிறுத்திவிட்டு மெஷினைப் பேச விடுங்கள், முதலில் நல்ல சத்தம், பிறகு கெட்ட சத்தம் என்று.

நம் ஊர் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். கேமராவில் ஷட்டரை 1/50 அல்லது 1/100-ல் வைத்தால் பட்டறை விளக்குகள் படத்தில் துடிப்பது பெரும்பாலும் நின்றுவிடும்.

படமெடுக்கும் நாளில் செய்யக்கூடாதவை

கதவின் இன்டர்லாக்கைத் துண்டித்துவிட்டுப் படமெடுக்காதீர்கள். கேமராவுக்கு உள்ளே தெரியவில்லை, கொஞ்ச நேரம் கதவைத் திறந்துவைத்து ஓட்டலாம் என்று யாராவது கட்டாயம் சொல்வார்கள். ஒருபோதும் ஒப்புக்கொள்ள வேண்டாம். படம் எடுக்கும் நேரத்தில் உள்ள அபாயம் ஒருபுறம், கதவு திறந்த மெஷின் ஓடுவதைக் கம்பெனியின் சொந்தப் பயிற்சி வீடியோவிலேயே ஒருவர் பார்த்துவிட்டால் அவருக்கு அது அனுமதிச் சீட்டு. சிறிய கேமராவை உள்ளே காந்தத்தில் ஒட்டிக் கதவை மூடுங்கள், கூலன்ட்டை நிறுத்திவிட்டு ஜாப் இல்லாமல் டிரை ரன்னில் எடுங்கள், அல்லது ஜன்னல் வழியே எடுங்கள். எதுவும் முடியாவிட்டால் அந்த ஷாட் இல்லாமல் வீடியோ இருக்கட்டும்.

சுழலும் சக்கை எச்சரிக்கை இல்லாமல் காட்டாதீர்கள். கேமராவின் வேகமும் ஸ்பிண்டிலின் வேகமும் ஒத்துப்போகும்போது, சுழல்கிற சக் படத்தில் நின்றிருப்பது போலவோ மெல்லப் பின்னோக்கித் திரும்புவது போலவோ தெரியும். லேத்தையே இதுவரை பார்க்காதவர் அதை அப்படியே நம்பிவிடுவார். அந்த ஷாட்டில் ‘சுழல்கிறது’ என்ற சொல்லும் சிவப்பு வட்டமும் இருக்கட்டும். ஆர்பிஎம் காட்டும் திரையும் தெரிந்தால் இன்னும் நல்லது.

தவறான முறையை முதலில் செய்து காட்டாதீர்கள். ‘இப்படிச் செய்யக் கூடாது’ என்று தொடங்குவது சுவையாக இருக்கும், ஆனால் சத்தத்தை அணைத்துவிட்டு, நடுவிலிருந்து, பாதிக் கவனத்தில் பார்ப்பவர் மனதில் படிவது அந்தத் தவறான கைதான். தவறின் விளைவைக் காட்டலாம்: உடைந்த இன்செர்ட், அளவு போன ஜாப், வளைந்த டூல் ஹோல்டர். தவறான செயலையே காட்டியாக வேண்டும் என்றால் அது ஓடும் முழு நேரமும் திரையில் குறுக்குக் கோடு இருக்கட்டும்.

கேமரா முன் நிற்பவரின் உடையில் சமாதானம் செய்துகொள்ளாதீர்கள். லேத்தில் கண்ணாடியும் ஷூவும் வேண்டும், கையுறை, வாட்ச், மோதிரம், தோளில் துண்டு ஆகியவை கூடாது. பாய்லரில் இதற்கு மாறாக வெப்பம் தாங்கும் கையுறையும் முகமறைப்பும் வேண்டும். சுருள் சுருளாகச் சிக்கிய சிப்பை ஏர் கன்னால் ஊதுவதோ வெறும் கையால் இழுப்பதோ ஒரே ஒரு ஷாட்டில் இருந்தாலும் அதைத் திரும்ப எடுங்கள். வீடியோ அந்த விஷயத்தைப் பற்றியதாக இல்லாவிட்டாலும் பார்ப்பவர் அதையும் சேர்த்தே கற்றுக்கொள்வார்.

ஆட்டோமொபைல் கஸ்டமரின் டிராயிங்கோ, புரோகிராமோ, பார்ட்டில் பொறித்த லோகோவோ படத்தில் விழ விடாதீர்கள். படமெடுக்கும் முன் மேசையைச் சுத்தம் செய்தால் இந்தத் தொல்லை முடிந்தது.

பின்னணி இசை வேண்டாம்.

எடுத்து முடித்த பிறகு

இன்ஜினியரிடம் காட்டும் முன் புதிதாகச் சேர்ந்த ஒருவரிடம் காட்டுங்கள். பார்த்துவிட்டு “புரிஞ்சுதுங்களா?” என்று கேட்டால் எல்லோரும் தலையாட்டுவார்கள், கேட்க வேண்டாம். செட்டர் பக்கத்தில் நிற்க, அவரையே செய்யச் சொல்லுங்கள். நீங்கள் வாய் திறக்காமல் பாருங்கள். அவர் கை எங்கே தயங்கி நிற்கிறதோ அங்கே ஒரு ஷாட் குறைகிறது. அவர் நீங்கள் எதிர்பாராத ஒன்றைச் செய்தால் அங்கே ஒரு ஷாட் தவறு. இந்தச் சோதனைக்காகவே திட்டத்தில் இன்னொரு அரை நாள் மெஷின் நேரத்தை முன்கூட்டியே ஒதுக்கி வையுங்கள், இல்லாவிட்டால் திருத்த வேண்டியது தெரிந்தும் திருத்த முடியாமல் போகும்.

வீடியோ பார்த்ததையே பயிற்சி முடிந்ததாகப் பதிவேட்டில் எழுதாதீர்கள். பாய்லரைப் பொறுத்தவரை தகுதிச் சான்றிதழ் பெற்ற அட்டெண்டன்ட் பொறுப்பில் இருப்பது சட்டப்படி கட்டாயம், எந்த வீடியோவும் அதற்கு ஈடாகாது. லேத்துக்கு அப்படிச் சட்டம் இல்லாவிட்டாலும், செட்டர் முன்னால் செய்து காட்டி அவர் கையெழுத்துப் போட்ட பிறகே தனியாக ஓட்ட விடுவது நல்லது.

வாட்ஸ்அப் குரூப்பில் அனுப்பாதீர்கள். அங்கே படம் சுருங்கி, ஆஃப்செட் திரையின் எண்கள் கலங்கிப்போகும். அதைவிட, அங்கிருந்து பரவிவிட்டதைத் திரும்ப வாங்க முடியாது. மெஷினின் பக்கத்தில் கியூஆர் கோடு ஒட்டி, அது ஒரே லிங்குக்குப் போகும்படி செய்யுங்கள். லிங்கின் பின்னால் உள்ள வீடியோவை மட்டும் மாற்றிக்கொள்ளலாம். ஒவ்வொரு வீடியோவின் முதல் ஃபிரேமிலும் மெஷின் எண், கன்ட்ரோல் மாடல், எடுத்த தேதி, சரிபார்த்தவரின் பதவி இருக்கட்டும். முறை மாறும் வாய்ப்புள்ள படிகளைத் தனிக் கோப்பாக வைத்திருந்தால், நாளைக்கு ஒரு வால்வ் மாறினால் அந்த நாற்பது விநாடியை மட்டும் மறுபடி எடுத்தால் போதும்.

பேனல் மாற்றினாலோ மெஷினை இடம் மாற்றினாலோ அன்றே பழைய வீடியோவை எடுத்துவிடுங்கள். புதியது தயாராக ஒரு மாதம் ஆகும் என்றால், அந்த ஒரு மாதமும் கியூஆர் கோடின் மேல் ஒரு தாளை ஒட்டி, “செட்டரைக் கேட்கவும்” என்று எழுதி வையுங்கள். அந்த மாதத்துக்குச் செட்டரின் உற்பத்தி டார்கெட்டைக் குறைக்கும்படி மேனேஜரிடம் கேட்பதையும் சேர்த்துத் திட்டத் தாளில் எழுதிக்கொள்ளுங்கள்.